ஐ-த்ரீ என்று சொன்ன ஸ்டிக்கர்

லேப்டாப் நேற்றே கடைக்குப் போய்விட்டது. ஆனாலும் அது இருந்த மேசையில் தூசி சூடேறிக் கருகும் அந்த வாசனை இன்னும் நிற்கிறது. நீ இருந்தால் மூக்கைச் சுளித்து, ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டு, நம் இருவரையும் வேர்க்க விட்டிருப்பாய்.

போன ஐப்பசியில் நீ போன பிறகு, அதியமான்கோட்டை மாடி அறையில் தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து செய்துவந்த கல்யாண ஆல்பம் டிசைன் வேலையைச் செய்வது நான் ஒருத்திதான். இப்போது வரும் படங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது. நாலு பக்கம் திறந்தால் லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. தை முகூர்த்த ஆல்பங்கள் தாமதமாகிவிட்டன. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையைச் சேலத்துக்குக் கொடுத்துவிடுவதாக ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அவரும் போனால் இந்த அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப்டாப் பழுது பார்ப்பவரிடம் போனில் கேட்டேன். லேப்டாப் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஐ-த்ரீ என்று இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஐ-த்ரீயைக் கழற்றிவிட்டு ஐ-செவன் ப்ராசஸர் போட்டால் வேகம் கூடும் என்றார். நான் மூச்சு விடுவதற்குள், “ஆனா மதர்போர்டு ஏத்துக்கலைன்னா மொத்தமா போயிருங்க, அதுக்கு நான் பொறுப்பில்லீங்க” என்றார். அதோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள், மாற்றிவிடலாம் என்று எழுந்து, வேண்டாம் என்று படுத்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. “சாமி கும்புடப் போனாலும் உங்கண்ணு செருப்பு மேலதாண்டி இருக்கும்” என்பாய்.

நேற்று எப்படியோ பஸ் ஏறிவிட்டேன். கழற்றுவதற்கு முன் அவர் ஒருமுறை போட்டுப் பார்த்தார். திரையில் எதையோ படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏங்க, இதுல ஏற்கெனவே ஐ-செவன்தானுங்க இருக்குது. யாரோ முன்னாடியே மாத்தியிருக்காங்க.”

நான் ஸ்டிக்கரைக் காட்டினேன். அது உரிந்துவிடக் கூடாதென்று மேலே செல்லோடேப் ஒட்டி வைத்தவளே நான்தான். ஸ்டிக்கர் கம்பெனி ஒட்டியது, உள்ளே இருப்பது வேறு என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஃபேன் சத்தம் போடுகிறது, தூசி தட்டிக்கொண்டு வருகிறேன் என்று லேப்டாப்பைத் தூக்கிப் போனாயே. அன்று எத்தனை முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. மறுநாள் உன் ஊர் இண்டூரிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு இறங்கியபோது உன் கண் சிவந்திருந்தது. தூங்கவில்லையா என்றதற்கு, ஜன்னல் சீட்டில் தூசி என்றாய். அதற்கப்புறம் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, தூசி தட்டினாலே இவ்வளவு வேகமா என்று கேட்டேன். புரையேறும்வரை சிரித்தாய். போர்டு போய்விடுமோ என்ற பயம் அன்று உனக்கும் இருந்திருக்கும். நான் தாங்கமாட்டேன் என்று அதை நீயே வைத்துக்கொண்டாய்.

இதற்குமேல் ப்ராசஸர் ஏற்ற வழியில்லை, மெமரி வேண்டுமானால் கூட்டிப் பார்க்கலாம் என்றார். யாரையும் கேட்காமல், போடுங்கள் என்றேன். நாளைக்குத் தருவார். ஓடுமோ ஓடாதோ, தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. “சும்மா காய்ச்சல்தாண்டி. திங்கக்கெழம வந்துருவேன், நீ வேலையப் பாரு.” நானும் நம்பி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.யூ.வுக்கு மாற்றப் போகிறார்கள் என்று அப்போதே உனக்குத் தெரியுமாம். உன் தம்பி பிறகுதான் சொன்னான்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் பயத்துக்குப் பயந்து என்னிடம் மறைத்தாய். சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்தான். வழியெல்லாம் கண்டக்டரிடம் பத்து தடவை இடம் வந்துவிட்டதா என்று கேட்டிருப்பேன். ஆனால் வந்திருப்பேன்.