அடிபடாமல் விழுந்தவர்

ஜூலை 14, செவ்வாய்

இன்று என் வீட்டுக்காரர் தான் நடத்தும் கராத்தே வகுப்பிலேயே விழுந்தார். மாணவியின் குத்து ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. ஆனாலும் தலையைப் பின்னால் சொடுக்கிக்கொண்டு, சினிமாவில் விழுவது போலவே மல்லாந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இவர் சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "ஏனுங்க, அடியே படலையே, எதுக்கு உழுந்தீங்க?"

"தெரியல அம்மணி. ஒடம்பு தானா உழுந்துபோச்சு."

இரண்டு வருடமாக இவருக்குச் சினிமாவில் கதாநாயகர்களிடம் அடிவாங்கி விழும் வேலை. ஞாயிறு ஈரோட்டில் நிஜக் கராத்தே போட்டி. பழைய வேகம் மிச்சமிருக்கிறதா? எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ரசம் ஊற்றக் குனிவது போல் குனிந்து, சட்டென்று முகத்தை நோக்கிக் குத்தினேன்.

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையால் பிடித்துவிட்டார். "ரசத்த ஊத்து, அம்மணி."

மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. நிம்மதிதான். ஆனால் வீட்டில் வேடிக்கை பார்க்க யாரும் இல்லை; வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். ஈரோட்டில் கூட்டம் இருக்கும்.