முறுக்குப் பாக்கெட்டில் வந்த காற்று

அன்புள்ள அக்கா,

கொழும்பில் நீ சுட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டி அனுப்பிய முறுக்குப் பாக்கெட்டுகள் எல்லாம் தவளை வயிறு போல உப்பியிருந்ததைத்தான் முதலில் கண்டேன்.

"கெட்டுப்போச்சி, கொண்டுபோய்க் கொட்டு," என்றார் அம்மா. நீ சொல்லாமல் கல்யாணம் கட்டியதிலிருந்து, உன் பெயர் வந்தாலே அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவார். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்தான்.

கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விடுவதற்கு முன் விஞ்ஞானத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: நம் வீடு இருக்கும் மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கொழும்பில் அடைபட்ட காற்று இங்கே வந்து விரிகிறது.

"அட, சின்னவ வாயத் தொறந்துட்டா!" என்று அப்பா தேத்தண்ணியைச் சிந்தினார். "அப்ப இதுக்குள்ள இருக்கிறது மூத்தவ வீட்டுக் காத்தா?"

அம்மா கொண்டை ஊசியால் ஒரு பாக்கெட்டைக் குத்தி, அதன்மேல் மூக்கை வைத்தார். காற்றெல்லாம் போன பிறகும் எடுக்கவில்லை.

"இன்னமும் எண்ணெயக் கருக்கத்தான் செய்றா," என்றார்.

நான் அடுத்த பாக்கெட்டை அம்மா பக்கம் தள்ளி வைத்தேன்.

உன் தங்கச்சி