எந்தப் பள்ளியில் சேர்வது, அக்கா?

ஜூன் 3

அன்பு அக்காவுக்கு,

போனில் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

தபால் வழியில் இயற்கை மருத்துவம் படிக்கப் போகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் ஃபிரேம் மாட்டிவிட்டே பதினொரு வருஷம் ஓடிவிட்டது. எந்த மாத்திரைக்கும் மசியாத என் ஒற்றைத் தலைவலி மூச்சுப் பயிற்சிக்கும் சாப்பாட்டு ஒழுங்குக்கும் அடங்கியது உனக்கே தெரியும். அது எப்படி என்று படித்துத் தெரிந்துகொள்ள ஆசை.

இரண்டு பள்ளிகளின் கையேடு வந்திருக்கிறது. ஒன்று மூன்று வருஷம். வருஷத்துக்கு இருபது நாள் நேரில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இன்னொன்று ஆறே மாதம். வீட்டிலிருந்தே பரீட்சை, முடித்தால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. முப்பத்தெட்டு வயசில் எதை எடுப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

நல்ல வார்த்தை நாலு எழுது.

உன் வாண்டு

ஜூன் 10

அன்பு வாண்டுக்கு,

படிக்காதே என்று சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சியைக் கேலி செய்யவும் மாட்டேன்; எங்கள் வார்டிலேயே சொல்லித் தருகிறோம். ஆனால் அந்த ஆறு மாதப் பள்ளிக்கு, சேர வருபவள் போல நானே போன் போட்டேன்.

"சர்க்கரைக்கு ஊசி போடுறவங்க வந்தா என்னங்க பண்றது?"

"மூணாவது பாடத்துலயே ஊசிய நிறுத்த வச்சிடலாம் மேடம்" என்றான் ஒருவன், துணிக்குச் சாயம் போகாது என்று சொல்கிற மாதிரி. பாடம் நடத்துவது யார் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

மற்றப் பள்ளியில் ஒரு பெண் அரை மணி நேரம் பேசினாள். டாக்டர் எழுதின மருந்தில் கைவைக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடமாம். பத்தொன்பது வருஷமாக நர்சாக இருக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் எனக்குப் படுக்கை விரிப்பு மாற்றத்தான் தெரிந்திருந்தது. அங்கேயே சேர்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

நீ துப்புத் துலக்குவதற்கு முன்பே ஆறு மாதப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். மூன்றாவது பாடமும் முடிந்தாயிற்று.

உனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. நீ நர்சிங் படிக்கப் போனபோது படுக்கையில் கிடந்த அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியது யார்? அப்போது என் படிப்பைப் பற்றி யாரும் எந்தப் பள்ளிக்கும் போன் போடவில்லை.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மாடி வீட்டு டீச்சரம்மா இப்போது என்னிடம்தான் யோசனை கேட்கிறார். நான் சொன்னபடி வெறும் சாறு மட்டும் குடிக்கிறார். நேற்றிலிருந்து வாந்தி, உடம்பு நச்சைத் தள்ளுகிறது என்று பாடத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

இனிமேல் போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

வாண்டு

ஜூன் 21, காலை

வாண்டு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. ஏழு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கடைக்கும் இன்று விடுமுறை போல, அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் ரத்த வங்கி வண்டி உன் பக்கம் வருகிறது; ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த டீச்சருக்குச் சர்க்கரையா? ஊசியை நிறுத்தச் சொன்னாயா? ஆமாம் என்றால் இந்தத் தாளோடு மாடிக்கு ஓடு. மந்தமாகப் பதில் சொன்னாலோ, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கினாலோ, மூச்சில் அழுகின பழ வாசனை அடித்தாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைக்காதே. எத்தனை நாளாக ஊசி இல்லை என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல். அவர் உயிர் அதில்தான் இருக்கிறது.

அக்கா

ஜூன் 29

அக்கா,

டீச்சர் பிழைத்துவிட்டார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் போனபோது நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். "டீச்சர்" என்றேன். "யாரு?" என்றார், தினமும் பார்க்கிற என்னை. நீ சொன்ன வாசனை அறை முழுக்க. ஓட்டுநர்தான் தூக்கினார், அந்த வண்டியிலேயே கொண்டுபோனோம்.

"ஊசிய நிறுத்தச் சொன்னது யாரு?" என்று டாக்டர் கேட்டார். "அம்மாவோட பிடிவாதம் டாக்டர்" என்றாள், வேலையிலிருந்து நேராக வந்திருந்த டீச்சரின் மகள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அப்படியே போயிருக்கும். "நான்தான் சொன்னேன். நாலு நாளாச்சு" என்றேன். அன்றிலிருந்து அந்த மகள் என்னைப் படியில் பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அந்தப் பள்ளியை விட்டுவிட்டேன். பாடங்களை டாக்டரிடமே கொடுத்தேன், புகார் எழுதுகிறாராம். ஆனால் படிக்கிற ஆசை போகவில்லை, அக்கா. வெட்கமாக இருக்கிறது, அப்படியும் போகவில்லை.

மூன்று வருஷப் பள்ளியின் விண்ணப்பத்தில், மருத்துவத் துறையில் இருக்கும் ஒருவர் என்னைப் பற்றி எழுத வேண்டும் என்றிருக்கிறது. கூடவே வைத்திருக்கிறேன். மனசில்லை என்றால் வெறும் தாளாகவே திருப்பி அனுப்பு.

வாண்டு

ஜூலை 8

அன்பு வாண்டுக்கு,

ஒரு வாரமாக உன் விண்ணப்பம் என் பையில் இருந்தது. டியூட்டி முடிந்து உடை மாற்றும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் உன் முகத்தை நேரே பார்க்க எனக்குக் கூசியது. இத்தனை வருஷத்தில் அதை உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் அதற்கு ஈடாக இதில் எழுதவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்:

"இவள் என் தங்கை. அரைகுறைப் படிப்பை நம்பி ஒருவரின் ஊசியை நிறுத்தச் சொல்லி, அவரைச் சாகக் கிடக்க வைத்தவள். தப்பிக்க வழி இருந்தும், அவர் வீட்டார் முன்னால் தன் வாயால் அதை ஒப்புக்கொண்டவள். அப்படி ஒப்புக்கொண்டவர்களை என் வேலையில் விரல் விட்டு எண்ணலாம். சேர்த்துக்கொண்டால் கண்டிப்பாக இருங்கள்."

கையெழுத்தும் என் பதிவு எண்ணும் கீழே இருக்கின்றன. ஒரு சொல்லையும் மாற்றித் தர மாட்டேன். இதைப் படித்துவிட்டு அவர்கள் உன்னை வேண்டாம் என்றும் சொல்லலாம். அனுப்புவதோ கிழிப்பதோ உன் இஷ்டம்.

உறையில் பள்ளியின் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். வாயை மட்டும் ஒட்டவில்லை.

உன் அக்கா