ஐந்து நாவலும் ஒரு லிஃப்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள ராக்கெட்டுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு, வீடு, வேலை மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றிலும் கொஞ்சம் சத்தம் வருகிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஏப்ரலில் பன்னிரண்டு நாள் விடுமுறை, ஏரிக்கரையில் வீடு எடுத்தாயிற்று, நாம் இரண்டு பேரும் போகிறோம் என்று படித்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா போன இந்த ஆறு வருஷத்தில் நாம் சேர்ந்து எங்கேயும் போகவில்லை என்பதை நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்.

அடுத்த வரியில் போட்டாய் பார் ஒரு குண்டு: "இந்தத் தடவை படிக்க வேண்டிய ஐந்து நாவலையும் நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். எல்லாம் அறிவியல் புனைகதை." ஏம்மா, லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்கிற விஷயமா இது? நம் வீட்டில் விடுமுறைக்குப் புத்தகம் பொறுக்கியது அம்மா. படித்துத் தீர்த்தது அம்மாவும் நீயும். நான் பையைத் தூக்கியவன். தூக்கிப் பார்த்து எத்தனை கிலோ என்று சொல்வேன். உள்ளே என்ன கதை என்று கேட்டால் முழிப்பேன்.

சரி, மகள் கேட்டுவிட்டாளே என்று வாடகை நூலகத்துக்குப் போனேன். "விஞ்ஞானக் கதை இருக்கா?" என்றேன். கடைக்காரர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பத்தாம் வகுப்பு இயற்பியல் கையேட்டை எடுத்து நீட்டினார். நான் இரண்டு தடவை கோட்டைவிட்ட அதே பாடம். பிறகு நானே தேடி, அட்டையில் ராக்கெட் போட்ட ஒன்றை எடுத்து வந்தேன். வீட்டில் பிரித்தால், வியாபாரத்தில் உயர்வதற்கு முப்பது வழி. இதுவரை என் மதிப்பெண் பூஜ்யம்.

ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம், நான் பார்த்துக்கொள்ளும் பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மாள். ஏழாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. அழுகையோ கத்தலோ, குறைந்தபட்சம் திட்டாவது விழும் என்று பயந்துகொண்டே கதவைப் பிளந்தால், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருக்கிறார். "வெளியே வாங்கம்மா" என்றேன். "ரெண்டு பக்கம்தான் இருக்கு, கொஞ்சம் மூடுங்களேன்" என்றார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் யாரும் என்னைக் கதவை மூடச் சொன்னதில்லை.

உன் அப்பா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

டீச்சர் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்தேன். இங்கே தொலைநோக்கி வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கிறது, அது கெட்டுவிடும் என்று மலை முழுக்கக் கைபேசிக்குத் தடை. கைபேசி இல்லாத முப்பது பேருக்கு உங்கள் கடிதம்தான் இந்த வாரத் தொலைக்காட்சி.

நாவல் எடுக்க அவ்வளவு பயம் வேண்டாம். நான் நாள் முழுக்கத் திரையில் கோடுகளைப் பார்க்கிறவள், அதனால் சூத்திரமாக நிரம்பிய கதை விடுமுறையில் ஆகாது. அது எனக்கு ஓவர்டைம். பேருந்தில் படிக்க ஒல்லியாக ஒன்று. மழை பிடித்துக்கொண்டால் தலையணைக் கனத்தில் ஒன்று. உலகம் அழிகிற கதை ஒன்று இருக்கலாம், இரண்டு தாங்காது. சிரிக்க வைக்கிற வேற்றுக்கிரகவாசி ஒருத்தராவது வேண்டும். தொடர் நாவலில் நடுப் பாகத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். முன்கதை தெரியாமல் ஏரியை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

இதை ஏன் உங்களிடம் விட்டேன் தெரியுமா? தேர்ந்தெடுக்கிற சாக்கிலாவது நீங்கள் ஒன்றைப் படிப்பீர்கள் என்றுதான். கல்லூரியில் இருந்தபோதே கேட்டேன். "எனக்கு ஏறாதும்மா" என்று நழுவிவிட்டீர்கள். அம்மா போன பிறகு, படித்ததைப் பற்றிப் பேச எனக்கு வீட்டில் ஆளே இல்லை அப்பா. ஒன்று படித்தால் போதும். ஒன்றே ஒன்று.

டீச்சர் லிஃப்டுக்குள் படித்தது என்ன புத்தகம்? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 24

அன்புள்ள ராக்கெட்டுக்கு,

வேலை முடிந்தது. ஐந்தும் தயார். நீ சொன்ன விதிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே பார்த்து, நானே புரட்டி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். உன் அப்பனுக்கு இவ்வளவு வருமா என்று ஆச்சரியப்படாதே, பழகப் பழக வருகிறது.

பேருந்துக்கு: செவ்வாய் கிரகத்தில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் ஒரே நாள். சம்பவங்கள் அதிகம் இல்லை. ஆனால் தனிமையை இவ்வளவு லேசான கையால் எழுதுவது அபூர்வம்.

மழைக்கு: நானூறு ஆண்டு பயணம் செய்யும் கப்பல். புறப்பட்டதையும் பார்க்காமல், போய்ச் சேர்வதையும் பார்க்காமல் நடுவழியிலேயே வாழ்ந்து முடிகிறவர்களின் கதை. முதல் நூறு பக்கம் பொறுமை தேவை.

அழிவுக்கு: கடல் மெல்ல ஏறிக்கொண்டே வருகிறது. தண்ணீரைவிடப் பக்கத்து வீட்டுச் சண்டைதான் பயமுறுத்துகிறது.

சிரிப்புக்கு: வேற்றுக்கிரகத் தூதர் ஒருவர் பூமியில் வாடகைக்கு வீடு தேடுகிறார். கதைசொல்லியின் குரலில் எள்ளல் உண்டு, கசப்பு இல்லை. உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஐந்தாவது: பூமியிலிருந்து வானத்துக்குப் போகும் லிஃப்ட். இதைக் கடைசியாகக் கொடுங்கள். இதைப் பற்றி அவளிடம் நீங்கள்தான் பேச வேண்டும், நான் எழுதினால் அவ்வளவு சரியாக வராது.

இவ்வளவுதான். அந்த டீச்சரை அப்புறம் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்கிறேன்.

உன் அப்பா

*

மார்ச் 6

அப்பாவுக்கு,

நாலாவது குறிப்பைத் திரும்ப ஞாபகப்படுத்திப் பாருங்கள். "உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்." உங்கள் மகள் நான்தான். ஐந்தாவதில் "அவளிடம் நீங்கள்தான் பேச வேண்டும்." அந்த அவளும் நான்தான்.

உண்மையில் முதல் குறிப்பிலேயே சந்தேகம் வந்தது. லேசான கையா? உங்கள் கை ஸ்பேனரைக் கீழே போட்டால் மூன்று மாடிக்குக் கேட்கும்.

லிஃப்டில் மாட்டிய டீச்சர்தானே? பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்காதவர் ஐந்து சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், உங்களுக்கு மகள் இருப்பது தெரிந்திருக்கிறது, அவளுக்கு எது பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குறிப்புகள் நன்றாகவே இருக்கின்றன. என்னை உறுத்துவது வேறு. ஐந்தாவதைப் பற்றி நீங்கள் பேச வேண்டுமென்றால், நீங்கள் அதைப் படித்திருக்க வேண்டும். எத்தனை படித்தீர்கள்? எப்போதிலிருந்து? ஆறு வருஷமாக நான் கேட்டேன். நான் நீட்டினபோது ஏறாதது, அவர் நீட்டினதும் எப்படி ஏறியது?

மழுப்பாமல் எழுதுங்கள். ஏரிக்குப் போவதா வேண்டாமா என்று அப்புறம் பார்க்கலாம்.

மகள்

*

மார்ச் 15

அன்புள்ள ராக்கெட்டுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவங்க எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பார்த்து நகல் எடுத்தேன். லிஃப்ட் பதிவேட்டில் முன்னால் வந்தவன் எழுதியதைப் புள்ளி மாறாமல் எடுத்தெழுதியே பழகிய கை. என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காது. தபாலில் போட்டுவிட்டுச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது, "எனக்கும் உங்களுக்குமான வரிகளை விட்டுட்டுத்தானே எழுதினீங்க?" என்று கேட்டாங்க. எனக்கு வேர்த்துவிட்டது. "பின்னே?" என்றேன். ஒரே சீட்டை வைத்து இரண்டு பெண்களிடம் பொய் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

லிஃப்ட் நின்றது உண்மை. அவங்க கதவை மூடச் சொன்னதும் உண்மை. போன வாரம் என்றதுதான் பொய். அது நடந்து பதினாலு மாதம் ஆகிறது.

மறுநாள் சோதனைக்குப் போயிருந்தேன். மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி மெஷின் ரூமுக்கே வந்து நின்றாங்க. கையில் அந்தப் புத்தகம்.

"வானத்துக்கு லிஃப்ட் கட்டினா கயிறு தாங்குமா?"

"எத்தனை மாடிங்க?"

"முப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்."

நான் சிரிக்கவில்லை. தொழில் விஷயமாயிற்றே. "ஆள் ஏறவே வேணாம், கயிறு தன் எடையிலேயே அறுந்துடும்" என்றேன். "அப்படியே தாங்கினாலும் எதிர் எடை எங்கே? அந்தக் கடைசிக்கும் அந்தப் பக்கம், இன்னும் மேலே, வெளிப்பக்கமா இழுக்கற மாதிரி ஏதாவது கட்டியிருக்கணுமே?" அவங்க புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினாங்க. அதில் அதேதான் இருந்தது. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவன் சொன்னது அச்சில் இருக்கிறது! அன்றைக்கே வாங்கி வந்தேன். முடிக்க எட்டு வாரம் ஆனது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு. ஆக மூன்று படித்திருக்கிறேன்.

நீ கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அம்மாவும் நீயும் கதை பேசும்போது நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. கோமாளி வேலைக்குக் கூலி கைமேல் கிடைக்கும். அப்புறம் அம்மா போய்விட்டாள். நீ புத்தகத்தை நீட்டினாய். அவள் இடத்தில் உட்கார்ந்து நான் தப்பாக ஏதாவது சொன்னால் இனிமேல் நீ சிரிக்க மாட்டாய் என்று தெரிந்தது. அதற்குப் பயந்துதான் ஏறாது என்றேன். அவங்க விஷயத்தில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில் கேள்வி கேட்டாங்க, அவ்வளவுதான்.

இன்னொன்று. எனக்கு அவங்களைப் பிடித்திருக்கிறது. அவங்களுக்கும் என்னை, ஏதோ கண்ணில் கோளாறு போல. கல்யாணப் பேச்செல்லாம் இல்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கிறோம். படித்துவிட்டு வழக்காடுகிறோம்.

ஏரிக்கு அவங்களையும் அழைத்து வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம், உன்மேல் வருத்தப்பட மாட்டேன். நீ போகலாம் என்றால் போதும், எப்படியும் நான் வருகிறேன்.

உன் அப்பா

*

மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அறையில் வைத்து மூன்று தடவை படித்தேன்.

நாங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நீங்களும் சிரித்ததால் விளையாட்டு என்றே நினைத்துவிட்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இதற்குமேல் எழுத வரவில்லை, நேரில் பேசலாம்.

ஏரிக்குப் போகிறோம். பன்னிரண்டு நாளில் முதல் எட்டு நாள் எனக்கு. அதில் பேரம் கிடையாது. முதலில் ஐந்தாவது புத்தகத்தைத்தான் எடுக்கப் போகிறோம். கடைசியாகக் கொடுக்கச் சொன்னது டீச்சர். என்னால் அதுவரை பொறுக்க முடியாது. நான் படித்துக்கொண்டே வருவேன், நிறுத்தி நிறுத்தி உங்களைக் கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சண்டை போடுவேன். நீங்களும் போட வேண்டும்.

ஒன்பதாம் நாள் டீச்சர் வரட்டும். வீட்டுக்காரருக்கு எழுதி இன்னோர் அறை கேட்டிருக்கிறேன். அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. ஆன்ட்டி என்பது எனக்கு வாயில் வராது. சித்தி என்று இப்போதே சொல்ல முடியாது, அது எப்போது வரும், வருமா என்றும் சொல்ல முடியாது. டீச்சர் என்றே ஆரம்பிக்கிறேன். நானூறு வருஷக் கப்பல் கதையை நான் முன்பே படித்திருக்கிறேன். முதல் நூறு பக்கம் பொறுமை தேவை என்கிறார். அறுபதாம் பக்கத்திலேயே கதை பிடித்துக்கொள்கிறது. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

பேருந்து பதினொன்றரைக்கு வரும். நிறுத்தத்துக்கு நான் மட்டும் போய் அவரை அழைத்து வருகிறேன். நீங்கள் வர வேண்டாம். நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பீர்கள், எங்களுக்குப் பேச வராது. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷ நடை. நாங்கள் வர நாற்பது நிமிஷம் ஆனாலும் தேடிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

உங்கள் மகள்