அதில் நானும் உண்டா?

அன்புள்ள அம்மாவுக்கு கௌதமி வணங்கி எழுதுவது. தங்கவயல் குளிரில் உன் மூச்சிரைப்பு கூடவில்லையே? ஆவடியில் நான் சுகம்.

தினமும் காலையில் புத்தர் படத்தின் முன் உட்கார்ந்து, ஒவ்வொருவராக நினைத்து, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்கிறேன். குழாயடியில் என்னைத் திட்டிய வீட்டுக்காரம்மா தாட்சாயிணியை மட்டும் நினைக்காமல் விட்டிருந்தேன். நேற்று அவரே வாசலில் வந்து நின்றார்.

"தெனம் இன்னாம்மா சொல்லிகினு கீறே?"

சொன்னேன்.

"அதுல நானும் கீறேனா?"

அழுதழுது அவர் கண் வீங்கியிருந்தது. மகனுக்கு மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம்.

"இருக்கீங்கக்கா. உள்ள வாங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தார். சேர்ந்து சொன்னோம். அவர் பெயர் என் வாயில் தானாக வந்தது.

போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்
கௌதமி