அக்காவின் வார மாத்திரை

செவ்வாய், இரவு

ஐம்பத்திரண்டு வயதில் இன்று தேனி டாக்டரிடம் பள்ளிக்கூடப் பையனைப்போலத் திட்டு வாங்கினேன்.

அக்காவுக்கு எலும்பு வலுவில்லை. வாரம் ஒரு மாத்திரையா, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசியா என்று போன மாதம் டாக்டர் கேட்டார். மாத்திரையென்றால் வெறும் வயிற்றில் விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்கவேண்டும். அவளுக்கு ஊசி பயம் என்பதால் மாத்திரை என்றானது.

அவள் குரங்கணி மலை ஏலத்தோட்டத்தில் போய் இறங்கி மாத்திரையை விழுங்கிவிட்டு, உடனே ஏலச்செடித் தூரில் குனிந்து காய் எடுத்திருக்கிறாள். இப்போது தொண்டையிலிருந்து நெஞ்சுவரை எரிச்சல், சோறு இறங்கவில்லை.

“தம்பிகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன் டாக்டர். ‘படுக்கத்தான கூடாது, குனிஞ்சா என்னக்கா?’ன்னான்” என்றாள், காட்டிக்கொடுக்கிற எண்ணமே இல்லாமல்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்து இளித்தது.

தொண்டைப் புண் ஆறியதும் இனி ஊசிதானாம். “வெரசாப் போடுங்க, தோட்டத்துல சோலி கெடக்கு” என்றாள் அக்கா.

ஊசிக்குப் பயந்தவள் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு டாக்டர் கேட்டது அவளைத்தான். முந்திக்கொண்டு பயமென்று சொன்னது நான். ஊசியென்றால் ஆறு மாதத்துக்கொரு முறை போடியிலிருந்து தேனிக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டியவனும் நான்தான்.