நிழல் இல்லாத நான்கு விநாடி

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து சத்தமாக எண்ணுகிறார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு கைதட்டல், சிரிப்பு. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட எனக்குத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அந்த மிருகப் படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதை இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பிசைந்த சாதத்தில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது, என் கோபம் இன்னும் போகவில்லை.

குடியாத்தத்திலிருந்து வந்து இறங்கிய எனக்கு இந்த ஊரைப் பழக்கியவள் நீ. எலெக்ட்ரானிக் சிட்டியில், சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஒக்கலிபுரத்துக்காரி, தாத்தா காலத்திலிருந்தே இந்த ஊர். ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நீ ஏறுடி, அவரு வருவாரு" என்று தமிழில் சொல்வாய். அவரும் வருவார். இரண்டு வருடத்தில் உனக்கு அந்த வேலை அலுத்துப்போனது. "நாள் பூரா ஒரு குதிரையோட வாலைச் சீவிக்கிட்டு உட்கார என்னால முடியாதுப்பா" என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, யூடியூபில் பட விமர்சனம் சொல்லக் கிளம்பிவிட்டாய். நான் வாலைச் சீவிக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

அப்போது ஆரம்பித்ததுதான் நம் வழக்கம். நான் வேலை செய்த படம் வெளியானால் முதல் காட்சிக்கு இருவரும் சேர்ந்து போவோம். போகும் வழியிலேயே கேட்பாய், "எந்த இடத்துல பாக்கக் கூடாது, சும்மா சொல்லிடு." எங்கள் வேலையில் எதுவும் திருப்தியாக முடிந்து வெளியே போவதில்லை, கெடு முடிந்துவிட்டது என்பதால்தான் போகும். எங்காவது ஒரு தீ எரிகிற மாதிரி எரியாது, ஒரு யானை நிற்க வேண்டிய இடத்தில் மிதக்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, செய்தவளுக்குத் தெரியும். அந்த இடத்தை உனக்குச் சொல்வேன். அது வரும்போது நீ தலையைக் குனிந்து மடியிலிருக்கும் பாப்கார்னைப் பார்ப்பாய். "போச்சா?" என்று முழங்கையால் இடிப்பாய். "போச்சு" என்றதும் நிமிர்வாய். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது குழந்தை டிரவுசர் இல்லாமல் குறுக்கே ஓடினால் பார்க்காத மாதிரி இருப்போமே, அந்த மாதிரி ஒரு மரியாதை அது. ஆறு படங்களை அப்படிப் பார்த்தோம். உலகத்தில் வேறு யாரிடமும் நான் என் வேலையின் குறையைச் சொன்னதில்லை.

ஏழாவது படம்தான் இந்த மிருகம். ஒரு பாளையத்து அரசன், அவனுடைய கோட்டை, கோட்டைக்கு அடியில் ஏரியில் நூறு வருஷமாகத் தூங்கும் மிருகம். கதை அவ்வளவுதான். அந்த மிருகத்தின் கழுத்தும் முதுகும் என்னுடையவை. பதினாறு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினேன். நனைந்த தோல் வெயிலில் எப்படி மினுக்கும் என்று தெரிந்துகொள்ள, ஊருக்குப் போகும்போதெல்லாம் குட்டையில் இறங்கும் எருமைகளை போனில் பிடித்துக்கொண்டு வருவேன். அம்மாவுக்கு எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, மந்திரிப்பதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு அது கோட்டை முற்றத்தில் ஓடும், அந்தக் காட்சியும் என் பொறுப்பு. அந்த ஓட்டத்தில் நான்கு விநாடிக்கு அதன் காலடியில் நிழல் இருக்காது. நிழல் சேர்த்த காட்சியைக் கம்ப்யூட்டர் முழுதாக வரைந்து முடிப்பதற்குள் படத்தை அனுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழையதையே அனுப்பினேன். கேமரா வேகமாகத் திரும்புகிற இடம், தூசி வேறு பறக்கும். எங்கள் குழுத் தலைவருக்கே தெரியவில்லை. மெட்ரோவில் போகும்போது உனக்குச் சொன்னேன். "நாலு செகண்ட் தானே, நான் குனிஞ்சுக்கறேன் விடு" என்றாய்.

குனிந்தும் கொண்டாய். அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். ஏரியிலிருந்து மிருகம் தலையைத் தூக்கியபோது தியேட்டரே எழுந்து விசிலடித்தது. பின்னால் ஒருவர் "சக்கத்தாகிதே குரு!" என்று கன்னடத்தில் கத்தினார், பிரமாதமாம். முற்றத்துக் காட்சி வந்தது, நீ பாப்கார்னைப் பார்த்தாய், "போச்சா?" என்றாய், "போச்சு" என்றேன். கடைசியில் மிருகம் அம்பு தைத்து விழுந்தபோது துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாய். "கொன்னுட்டடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும் வரை விடவில்லை. பதினாறு மாதக் களைப்பும் அன்றைக்கே எனக்குத் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் உன் விமர்சனம் வந்தது. பத்து நிமிடம். ஒன்பது நிமிடம் வாய் வலிக்கப் புகழ்ந்திருந்தாய். அதற்கப்புறம், "ஆனா ஒண்ணு" என்று நான்கு விரலை கேமரா முன்னால் நீட்டினாய். "இடைவேளைக்கு அப்புறம் கோட்டை முற்றத்துல அது ஓடும்போது நல்லா கவனிங்க. நாலு செகண்ட் நிழலே இல்ல. என் கண்ணுல இருந்து தப்புமா? வேணும்னா எண்ணிப் பாருங்க."

உன் கண்ணா? உன் கண் பாப்கார்னில் இருந்ததடி.

ஒன்பது நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு துண்டை வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்திரிகைக்காரர்கள் கதை பழசு, அரசன் சத்தம் போடுகிறான், மிருகம் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாளே அதே ஆட்கள் நிழலைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நிழலுக்குக் கூட சம்பளம் தராத படம் என்றான் ஒருவன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் படம் பார்க்க வந்தார்கள். முற்றத்துக் காட்சி தொடங்கியதும் தியேட்டரில் மொத்தக் கூட்டமும் எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஓவென்று சிரிப்பு. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மகள் செய்த மிருகத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். "எதுக்கும்மா எண்ணுறாங்க?" என்று என் காதருகில் கேட்டார். "அது ஒரு விளையாட்டுப்பா" என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை.

வெளியே வந்து உனக்கு போன் செய்தேன். 

"நீ பாக்கவே இல்லையேடி!"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? எல்லாம் நல்லா இருக்குன்னா எவன் நம்புவான்? ஃப்ரெண்டு படம், தூக்கிப் பேசறான்னுவான். ஒரு குறையாவது சொன்னாத்தான் மத்ததை நம்புவாங்க. எனக்கு வேற குறையே தெரியல, சத்தியமா."

"அதுக்கு என்னோடதை எடுத்துக்கிட்டியா?"

"ஊரே உன் மிருகத்தைப் பத்திப் பேசுது. அதைப் பாக்க மாட்டியா?"

குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அத்தனை பேர் உன்னைப் பார்த்த சந்தோஷம். படம் பிடிக்கவில்லை என்று நீ காறித் துப்பியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்திருப்பேன். உனக்குப் பிடித்திருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஸ்டூடியோவில் குழுத் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டு, "இது வெளி ஆள் கண்டுபிடிக்கிற தப்பு இல்ல. உள்ள இருந்து போயிருக்கு" என்றார். நான்தான் ஒரு சிநேகிதியிடம் சொன்னேன் என்று எழுந்து நின்று சொன்னேன். வேலை போகவில்லை. அடுத்த படத்தில் எனக்கு மரங்கள் கொடுத்தார்கள். இன்றைக்கும் மரங்கள்தான், இலை அசைக்கிறேன்.

இதில் வேடிக்கையும் நடந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு பெரிய விமர்சகர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். மிருகம் என்பது அரசனின் குற்ற உணர்ச்சியாம். குற்றத்துக்கு உருவம் உண்டு, நிழல் கிடையாதாம். ஆகவே அந்த நான்கு விநாடிதான் படத்தின் உயிராம். இயக்குநர் ஒரு பேட்டியில், "ஆமாம், யோசிச்சுத்தான் வெச்சோம். புரிஞ்சுக்கிட்டதுக்கு நன்றி" என்று தலையாட்டினார். நான் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க இந்த பெங்களூரில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். உன் பெயர் வரை போனில் போய்விட்டேன். அவளே பேசட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். நீயும் பேசவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஐந்தாம் நாள் இல்லை என்றார்கள்.

ஒக்கலிபுரத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் உன் அம்மா, "உங்களுக்குள்ள என்ன ஆச்சு கண்ணு? நாலு மாசமா உன் பேரையே எடுக்கல அவ" என்றார். "ஒண்ணும் இல்லம்மா, வேலை ஜாஸ்தி" என்றேன். பதினோராம் நாள் உன் தம்பி, பேங்கில் இருப்பவன், போனை எடுத்துக்கொண்டு வந்தான். உன் சேனலில் கடைசியாக ஒரு வீடியோ போடப்போகிறானாம், உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் பேச வேண்டுமாம். "அக்கா, எல்லாரும் ஒரே மாதிரி புகழறாங்க. கேட்டா செயற்கையா இருக்கு. நீங்க அவளைப் பத்தி உள்ளது உள்ளபடி பேசுங்க, அதைத்தான் நம்புவாங்க" என்றான். என்னை மாடிக்கு அழைத்துப்போய் சுவரோரம் நிற்க வைத்து, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

நீ அன்றைக்கு போனில் சொன்ன அதே நியாயம். உன்னைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னவள் நீ. உன் விமர்சனத்தை நம்பிப் படத்துக்குப் போன அத்தனை பேருக்கும் இரண்டே வாக்கியத்தில் அதைச் சொல்லியிருக்கலாம். உன் சேனலிலேயே, உன் கூட்டத்திடமே. என் பேச்சை எல்லாரும் நம்பியிருப்பார்கள். வாய் வரை வந்தது.

ஆட்டோக்காரரிடம் நீ போட்ட சண்டையைச் சொன்னேன். குதிரை வாலைச் சொன்னேன். படம் பார்த்து நீ அழுவதைச் சொன்னேன். உன் தம்பிக்குத் திருப்தி இல்லை. "அவ்வளவுதானாக்கா?" என்றான். "அவ்வளவுதான்" என்றேன். வீடியோ வந்ததும், பார்த்தவர்கள் அதன் கீழே, இதுவும் வழக்கமான புகழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டுப் போகட்டும்.

இந்த மடலிலும் உன் பெயர் இல்லை, கவனித்தாயா? உன் குறையை நான் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, மனதில் அப்படி ஒன்றும் ஈரம் இல்லை. சிநேகிதியின் குறையை வெளியே சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். கஷ்டம்தான், ஆனால் முடிகிறது. உனக்கும் முடிந்திருக்கும்.